கருவி குறைவு, தேவை மிகுதி: வீட்டுக் கொரோனா சோதனையை எந்த வழியில் பங்கிடுவது?

2021 டிசம்பர் முதல் 2022 மே வரை ஒமிக்ரான் வகைக் கொரோனா நாடு நாடாகப் பரவியபோது, போன இடமெல்லாம் ஒரே பொருளுக்குத் தட்டுப்பாடு வந்தது. மூக்கில் பஞ்சுக் குச்சியை விட்டுச் சளியெடுத்து, கரைசலில் கலக்கி, பட்டையில் சில சொட்டுகள் விட்டு, கால் மணி நேரத்தில் ஒரு கோடா இரண்டு கோடா என்று பார்க்கும் வீட்டுப் பரிசோதனைக் கருவிதான் அது. செல்வ நாடுகள்கூடத் தேவைக்கேற்ப அதைத் தர முடியாமல் திணறின. இருப்பதைப் பங்கிடுவதில் மட்டும் ஒவ்வொரு நாடும் தன் வழியில் போயிற்று. சில நாடுகள் சந்தையிடம் விட்டன. சில நாடுகள் வீட்டு முகவரிக்கு அஞ்சலில் அனுப்பின. சில நாடுகள் அடையாள அட்டையின்பேரில் அளவு வைத்து விற்றன. இன்னும் சில இடங்களில் உள்ளாட்சிகளின் வழியே ஏழைகளுக்கு முதலில் கொடுத்தார்கள். அடுத்த பெருந்தொற்று எந்த நோயால் வந்தாலும், அதன் தொடக்க மாதங்களில் வீட்டுச் சோதனைக் கருவி எல்லோருக்கும் போதாது என்று எதிர்பார்ப்பதே விவேகம். அப்போது இந்த நான்கில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆர்டி-பிசிஆர் சோதனை மிகக் குறைந்த அளவு வைரஸையும் கண்டுபிடிக்கும். ஆனால் அதற்கு ஆய்வகம் வேண்டும், முடிவு வர ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். வீட்டில் செய்யும் ஆன்டிஜன் சோதனை அவ்வளவு நுட்பமானதன்று. உடலில் வைரஸ் மிகுந்து, பிறருக்குப் பரப்பும் வாய்ப்பு கூடுதலாக இருக்கும் நாட்களில்தான் அது நம்பத்தக்க விடை தரும். அதன் மதிப்பெல்லாம் அந்த நாளில், அந்த மணி நேரத்தில் கையில் இருப்பதில்தான் அடங்கியிருக்கிறது. காய்ச்சல் கண்டு பத்து நாள் கழித்து வீட்டுக்கு வரும் கருவி அந்தக் காய்ச்சலுக்கு உதவாது. எனவே தலைக்கு எத்தனை கருவி போய்ச் சேர்ந்தது என்று கணக்குப் பார்ப்பது நியாயத்தை அளக்கும் முறை ஆகாது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் தாயோடு ஒரே அறையில் படுக்கும் மகனுக்கும், ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி இழக்கும் பெண்ணுக்கும், முதியோர் இல்லத்தில் பணிபுரிபவருக்கும், சந்தேகம் வந்த நாளிலேயே கருவி கிடைத்ததா என்று கேட்க வேண்டும். அதோடு, எந்த வழியில் யார் விடுபட்டுப் போனார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

சந்தையிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவில் 2021 கோடையில் தொற்று தணிந்தபோது கருவிகளுக்குத் தேவை சரிந்தது, உற்பத்தியும் குறைக்கப்பட்டது. குளிர்காலத்தில் ஒமிக்ரான் வந்ததும் கடை அலமாரிகள் ஓரிரு நாட்களில் காலியாயின. இரண்டு சோதனைகள் கொண்ட பைனாக்ஸ்நவ் என்னும் கருவிப் பெட்டியை அடக்கவிலையில் 14 டாலருக்கு விற்பதாக அரசோடு மூன்று பெரிய நிறுவனங்கள் செய்திருந்த ஏற்பாடு டிசம்பரில் முடிந்தது. ஜனவரியில் அதே பெட்டி வால்மார்ட்டில் 20 டாலரையும் குரோகரில் 24 டாலரையும் ஒட்டிய விலைக்குப் போயிற்று. ஆஸ்திரேலியாவில் நிலைமை இன்னும் மோசம். ஒரு கருவியின் மொத்தவிலை ஏறத்தாழ 4 முதல் 11 ஆஸ்திரேலிய டாலருக்குள் இருந்தபோது, சில பெட்ரோல் நிலையங்களிலும் சிறு கடைகளிலும் ஒரு சோதனைக்கு 70 டாலருக்கு மேல் கேட்கப்பட்டதாக அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் 2022 ஜனவரியில் அறிவித்தது. வாங்கிய விலைக்கு மேல் 20 சதவீதத்துக்கு மிகுதியாக வைத்து மறுவிற்பனை செய்வதை அரசு உயிர்ப்பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றமாக்க வேண்டியிருந்தது.

விலையைக் காட்டிலும் ஆழமான அநீதி ஒன்று சந்தை வழியில் உண்டு. எந்தக் கடையில் இருப்பு இருக்கிறது என்ற செய்தியே அங்கு ஒரு சொத்தாகிவிடுகிறது. மேசையில் அமர்ந்து வேலை செய்பவர் மணிக்கொரு முறை இணையக் கடையைத் திறந்து பார்க்கலாம். காரில் மூன்று கடை ஏறி இறங்கலாம். கிடைத்த இடத்தில் பத்துப் பெட்டி வாங்கி வைக்கலாம். மருத்துவமனையில் துப்புரவு செய்பவருக்கும், கிடங்கில் சுமை தூக்குபவருக்கும் அந்த நேரமும் இல்லை, கையில் அவ்வளவு பணமும் இல்லை. ஆனால் தொற்று அவர்களிடம்தான் முதலில் வருகிறது. பணத்தால் வரும் ஏற்றத்தாழ்வை மானியம் கொடுத்து ஓரளவு சரிசெய்யலாம். தேடுவதற்கு ஓய்வு நேரம் வேண்டும் என்னும் நிபந்தனையை எந்த மானியமும் நீக்காது.

அமெரிக்கா முதலில் எடுத்த தீர்வு, வாங்கிய பிறகு காப்பீட்டிலிருந்து பணத்தைத் திரும்பப் பெறுவது. 2022 ஜனவரி 15 முதல் தனியார் மருத்துவக் காப்பீடு உள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் எட்டுச் சோதனைகளுக்கான செலவைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்று ஆணை வந்தது. ஆணை நல்ல எண்ணத்தோடுதான் வந்தது. ஆனால் நிறுவனம் தன் மருந்துக்கடைகளில் நேரடியாகவே இலவசமாகத் தராவிட்டால், முன்பணம் போட்டு வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்தி, படிவம் நிரப்பி அனுப்பிக் காத்திருக்க வேண்டும். காப்பீடே இல்லாதவர்கள் இதற்கு வெளியே நின்றார்கள். அவர்களைச் சமூகச் சுகாதார மையங்களுக்கு அனுப்பினார்கள். இன்னும் வருத்தத்துக்குரியது, 65 வயதைக் கடந்தவர்களுக்கான மெடிகேர் திட்டம் இந்த ஆணைக்குள் வரவில்லை என்பது. கொரோனாவால் மிகுதியாக இறந்தவர்கள் அந்த வயதினரே. அவர்களுக்கு மெடிகேர் வழியாக இலவசக் கருவி கிடைக்கத் தொடங்கியது 2022 ஏப்ரல் 4 அன்று. குளிர்கால அலை அடங்கிப் பல வாரங்கள் ஆகியிருந்தன. பணத்தைத் திருப்பித் தரும் திட்டத்தால் கடையில் ஒரு பெட்டிகூடக் கூடாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தட்டுப்பாட்டுக் காலத்தில் முதலில் கைவிட வேண்டிய வழி இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது அஞ்சல் வழி. 2021 டிசம்பர் 6 அன்று வெள்ளை மாளிகைச் செய்தியாளர் சந்திப்பில், மற்ற நாடுகளைப் போல ஏன் வீட்டுக்கு வீடு கருவி தரக் கூடாது என்று கேட்கப்பட்டபோது, செய்தித் தொடர்பாளர் ஜென் சாக்கி அதை நடைமுறைக்கு ஒவ்வாத யோசனையாகவே பேசினார். இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 21 அன்று, 50 கோடி கருவிகள் வாங்கி அனுப்பப்படும் என்று அதிபர் பைடன் அறிவித்தார்; ஜனவரியில் அது 100 கோடியாயிற்று. ஜனவரி 18, 19 தேதிகளில் இணையதளம் திறந்தது. பெயரும் முகவரியும் மட்டும் போதும், கட்டணம் இல்லை, காப்பீட்டு எண் கேட்கவில்லை. எளிமையில் இதற்கு ஈடான அரசுத் திட்டம் அந்நாட்டில் அரிது. ஆனால் அனுப்பவே 7 முதல் 12 நாட்கள் ஆகலாம் என்றார்கள். அந்த அலை ஜனவரி நடுவிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டது. பலர் வீட்டுக்குக் கருவி வந்து சேர்ந்தபோது தொற்று இறங்குமுகத்தில் இருந்தது.

காலத்தாமதத்தோடு முகவரி என்னும் அலகும் சிக்கலைத் தந்தது. ஒரு முகவரிக்கு நான்கு சோதனைகள் என்பது விதி. தனியாக வாழ்பவருக்கும் நான்கு. பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் என்று எட்டுப் பேர் வாழும் வீட்டுக்கும் நான்கு. நெருக்கமாக வாழும் வீட்டில்தான் தொற்று விரைவில் பரவும், சோதனையும் கூடுதலாக வேண்டும். சில அடுக்குமாடிக் கட்டடங்களை அமைப்பு ஒரே வீடாக எடுத்துக்கொண்டதால், முதல் குடியிருப்பாளர் பதிந்த பிறகு மற்றவர்களுக்கு ‘இந்த முகவரிக்கு ஏற்கெனவே பதிவாகிவிட்டது’ என்ற பதிலே வந்தது. பார்வையற்றவர்கள் தாங்களே கோட்டைப் பார்த்து முடிவறிய முடியாது என்பதும் தொடக்கத்தில் கவனிக்கப்படவில்லை. அவர்களுக்கேற்ற, கைபேசிச் செயலியோடு இணைந்த கருவிகள் ஜூன் மாதம்தான் வந்தன. வறுமையும் பாதிப்பும் மிகுந்த அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளின் பதிவுகளை முதலில் அனுப்புவது என்ற ஏற்பாட்டைச் சேர்த்திருந்ததைப் பாராட்ட வேண்டும்.

இங்கிலாந்து இதை முன்பே, பெரிய அளவில் செய்தது. 2021 ஏப்ரல் 9 முதல் அறிகுறி இல்லாதவர்களும் வாரம் இருமுறை இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம் என்றாக்கி, அஞ்சலிலும் மருந்துக்கடைகளிலும் பெட்டி பெட்டியாகக் கொடுத்தார்கள். ஆனால் 2021 மே வரை வழங்கப்பட்ட 69 கோடிக்கும் மேற்பட்ட கருவிகளில் 14 சதவீதத்துக்கு மட்டுமே முடிவு பதிவானது என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் கூறியது. மற்றவை பயன்பட்டனவா, அலமாரியில் கிடந்தனவா என்பதை அரசால் சொல்ல முடியவில்லை. அளவின்றிக் கொடுத்துப் பழகிய அந்த அமைப்பில், டிசம்பர் நடுவில் தேவை திடீரென்று பெருகியதும் இணையதளம் ‘கருவிகள் இல்லை’ என்று காட்டியது. நாளொன்றுக்கு 9 லட்சம் பெட்டிகள் அனுப்பும் அளவுக்குத் திறனைக் கூட்டியும், ஆண்டின் கடைசி நாட்களில் மறுபடி இருப்பு இல்லாமல் போனது. எல்லோருக்கும் எப்போதும் இலவசம் என்பது இருப்பு ஏராளமாக உள்ளபோது சிறந்த வழி. பற்றாக்குறை வந்த நாளில் அதுவும் முந்தியவருக்கே கொடுக்கும் வழியாக மாறிவிடுகிறது.

அஞ்சல் வழியைச் சரியான காலத்தில் பயன்படுத்திய நாடு சிங்கப்பூர். 2021 ஆகஸ்ட் 28 முதல் ஒரு மாதத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு கருவிகள். அக்டோபர் 22 முதல் டிசம்பர் தொடக்கம் வரை இன்னொரு சுற்றில் பத்துக் கருவிகள். யாரும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கவில்லை. கருவி அஞ்சல் பெட்டிக்குள் வந்து விழுந்தது. ஒமிக்ரான் அலை அங்கு எழுவதற்கு முன்பே வீடுகளில் கையிருப்பு இருந்தது. சிறிய நாடு, ஒழுங்கான முகவரிகள் என்ற வசதி அவர்களுக்கு உண்டு என்பது உண்மை. அங்கும் குடும்ப முகவரி என்னும் கணக்குக்குள் வராதவர்கள் இருந்தார்கள். தமிழகத்திலிருந்து போய்த் தங்கும் விடுதிகளில் வாழும் தொழிலாளர்களும் அவர்களில் அடக்கம். அவர்களுக்கு வேலையளிப்போர் வழியான, முறைவைத்த தனிச் சோதனை ஏற்பாடு இருந்தது.

தைவான் எடுத்த வழியை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உண்மையான பற்றாக்குறையின் நடுவே நின்று அவர்கள் எடுத்த முடிவு அது. 2022 ஏப்ரல் இறுதியில் அங்கு அன்றாடத் தொற்று பத்தாயிரத்தைத் தாண்டியது. ஏப்ரல் 28 அன்று பெயர்வழி விற்பனை தொடங்கியது. தேசிய மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் ஐந்து சோதனைகள் கொண்ட பொதி 500 தைவான் டாலருக்குக் கிடைக்கும். தொடக்கச் சுற்றில் ஓர் அட்டைக்கு ஒரு பொதி. அடையாள எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் திங்கள், புதன், வெள்ளி, இரட்டைப்படையானால் செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு அனைவருக்கும். ஒவ்வொரு கடைக்கும் நாளுக்கு 78 பொதிகள். முடியாதவர்களுக்காக வேறொருவர் அட்டையைக் கொண்டுபோய் வாங்கலாம். குடும்ப அட்டையை வைத்து நியாயவிலைக் கடையில் பொருள் வாங்கிப் பழகிய நமக்கு இந்த முறையை விளக்கவே தேவையில்லை.

இதன் பின்னால் இரண்டு ஆண்டுப் பழக்கம் இருந்தது. 2020 பிப்ரவரி 6 அன்றே முகக்கவசங்களை இதே அட்டை வழியாகப் பங்கிடத் தொடங்கியிருந்தார்கள். கடைவாரியான இருப்பு விவரத்தை அரசு எவரும் எடுத்துப் பயன்படுத்தும் திறந்த தரவாக வெளியிட, தன்னார்வ மென்பொருளாளர்கள் அதை வரைபடமாக்கினார்கள். எந்தத் தெருக்கடையில் எத்தனை மிச்சம் என்று யாரும் கைபேசியில் பார்க்கலாம். சோதனைக் கருவிகளுக்கும் அதே வகை வரைபடம் வந்தது. சந்தை வழியில் ஓய்வுள்ளவரின் தனிச் சொத்தாக இருந்த செய்தி இங்கே பொதுவாயிற்று. நான்கு வழிகளையும் ஒப்பிடும்போது எனக்கு மிக முக்கியமாகத் தெரிவது இந்த ஒன்றுதான்.

குறைகளும் சிறியவை அல்ல. கடை திறக்கும் முன்பே வரிசை நின்றது. வரிசைச் சீட்டு வாங்க ஒரு முறை, பொதி வாங்க ஒரு முறை என்று சிலர் இருமுறை வர வேண்டியிருந்தது. நோய் பரவும் காலத்தில் அறிகுறி உள்ளவர் வரிசையில் நிற்பது ஆபத்து. சுமையில் பெரும்பகுதி மருந்தாளுநர்கள் தலையில் விழுந்தது. ஆய்வகங்களுக்கென்று வந்த பெரிய பெட்டிகளை உடைத்து, குச்சி, குழாய், பட்டை என்று ஐந்தைந்தாக எண்ணிப் பைகளில் போட்டு, விளக்கத்தாளையும் சேர்த்து, பிறகு அட்டை அட்டையாகக் கணினியில் பதிந்து விற்க வேண்டியிருந்தது. கருவி எங்கே என்று கேட்டு வரும் கோபத்தையும் அவர்களே தாங்கினார்கள். 500 டாலர் எல்லோருக்கும் இலேசான தொகையன்று என்பதால், மே மாதத்திலிருந்து குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இலவசமாகக் கொடுக்கும் ஏற்பாடுகள் தனியே வந்தன. தென்கொரியா 2022 பிப்ரவரியில் இணைய விற்பனையைத் தடைசெய்து, மருந்துக்கடைகளிலும் தெருமுனைக் கடைகளிலும் ஒரு சோதனை 6,000 வோன் என்று விலை நிர்ணயித்து, ஒருவர் ஒரு முறைக்கு ஐந்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. ஆனால் அட்டைப் பதிவு இல்லாததால் ஒருவரே கடை கடையாக ஏறி வாங்குவதை அந்த விதியால் தடுக்க முடியாது. தைவான் முறை அதைத் தடுத்தது.

நான்காவது வழி, உள்ளாட்சி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2021 டிசம்பரில் 21 லட்சம் கருவிகளை, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களின் விகிதம் மிகுதியாக உள்ள 102 நகரங்களுக்கு அனுப்பியது. வாஷிங்டன் நகரில் பொது நூலகங்களில் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியா 2022 ஜனவரி 24 முதல் ஓய்வூதியர் முதலிய சலுகை அட்டைதாரர்களுக்கு மூன்று மாதத்தில் பத்துக் கருவிகளை மருந்துக்கடை வழியே இலவசமாகத் தந்தது. யாருக்கு முதலில் என்ற கேள்விக்கு நேர்மையான விடை தரும் வழி இது. ஆனால் வந்த கருவியை எப்படிக் கொடுப்பது என்பது அந்தந்த ஊரின் திறமையைப் பொறுத்ததாகிவிடும். ஏழை ஊருக்கு ஆள்பலமும் குறைவு. இதை மட்டுமே நம்ப முடியாது. இது இல்லாமலும் முடியாது.

என் முடிவு காலத்தைப் பொறுத்துப் பிரிகிறது. அலை எழுவதற்கு முன், உற்பத்தி தடையின்றி நடக்கும் மாதங்களில், சிங்கப்பூரைப் போல வீடு வீடாக அனுப்பிவிட வேண்டும். அளவை முகவரிக்கு வைக்காமல் ஆட்களுக்கு வைக்க வேண்டும். அலை எழுந்து பற்றாக்குறை வந்துவிட்டால், அஞ்சலை நிறுத்தி, இருப்பு முழுவதையும் அட்டைவழிப் பங்கீட்டுக்குத் திருப்ப வேண்டும்: நிலையான விலை, ஏழைகளுக்கு அதே கவுண்டரில் இலவசம், கடைவாரி இருப்பு அனைவருக்கும் தெரியும்படி வெளியீடு, வேறொருவர் சார்பாக வாங்க அனுமதி. அந்த இருப்பில் ஒரு பகுதியை முதல் நாளே தனியே ஒதுக்கி, படுத்த படுக்கையில் இருப்பவர்கள், டயாலிசிஸ் நோயாளிகள், தனியாக வாழும் முதியோர் ஆகியோருக்கு உள்ளாட்சிச் சுகாதாரப் பணியாளர்கள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மருந்துக்கடைகளுக்குப் பொதி போட்டே அனுப்பி, ஒவ்வொரு பொதிக்கும் அதைக் கையாள்வதற்கான நியாயமான கட்டணம் தர வேண்டும். பணத்தைத் திருப்பித் தரும் திட்டத்தைத் தொடவே வேண்டாம். வரிசை இருக்கும் என்பது இதன் விலை. அட்டை இல்லாதவர் விடுபடுவார் என்பது இதன் ஆபத்து. ஆவணமற்றவர்களுக்கு நூலகத்திலோ நகர்ப்புறச் சுகாதார மையத்திலோ பெயர் கேட்காமல் கொடுக்கும் ஓர் இடம் கட்டாயம் வேண்டும்.

இந்தியாவில் இம்முடிவைப் பொருத்திப் பார்க்கும்போது கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2021 மே 19 அன்று அனுமதித்த முதல் வீட்டுக் கருவியான கோவிசெல்ஃப் 250 ரூபாய் விலையில் வந்தது. ஒரு குடும்பத்தில் நால்வர் சோதித்துக்கொள்ள ஆயிரம் ரூபாய் என்பது கூலிக் குடும்பத்தால் ஆகிற காரியமன்று. முடிவைச் செயலியில் பதிவேற்ற வேண்டும் என்பது அப்போது விதியாக இருந்தது. 2022 ஜனவரியில் மும்பை மாநகராட்சி கருவி விற்பனை விவரங்களை மருந்துக்கடைகளிடம் கேட்கத் தொடங்கியது. நோய்ப் பரவலை அறிய அரசுக்குத் தரவு வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் 2020-இல் வீட்டு வாசலில் தனிமைப்படுத்தல் ஒட்டுவில்லை வந்ததையும் அக்கம்பக்கத்தார் பார்வை மாறியதையும் அனுபவித்த சென்னைக் குடும்பம், வாங்கியவர் பட்டியல் மாநகராட்சிக்குப் போகிறது என்று தெரிந்தால் கருவி வாங்கவே தயங்கும். அளவைக் கண்காணிக்க, இந்த அட்டைக்கு இந்த வாரப் பங்கு கொடுத்தாயிற்று என்ற ஒரே பதிவு போதும். அந்தப் பதிவைப் பங்கீட்டுக் காலம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும். சோதனை முடிவோடும் வீட்டு முகவரியோடும் அதை இணைக்கக் கூடாது என்பதைத் திட்டத்தைத் தொடங்கும் ஆணையிலேயே எழுதிவிட வேண்டும்.

தமிழகத்தில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2021-இல் கொரோனா நிவாரணத் தொகையை, கூட்டம் சேராதபடி வீட்டுக்கு வந்து டோக்கன் கொடுத்து, நாளும் நேரமும் குறித்து நியாயவிலைக் கடைகளில் வழங்கிய அனுபவம் நமக்கு உண்டு. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபரிலேயே இங்கு வந்துவிட்டதால், வெளிமாநிலத் தொழிலாளர் ஒருவர் தம் ஊர் அட்டையோடு திருப்பூரில் பங்கு பெறுவதற்கும் வழியுண்டு. டோக்கனில் நேரம் குறித்தால் தைவானில் நின்ற வரிசையும் பெரும்பாலும் குறையும். ஆனால் இருப்பு வைக்கும் இடத்தை யோசிக்க வேண்டும். இக்கருவிகளில் பெரும்பாலானவற்றை 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். தகரக் கூரைக் கிடங்கில் மே மாதம் இரண்டு வாரம் கிடந்த பெட்டி தரும் விடையை நம்புவது கடினம். எனவே கருவிகளைக் குளிர்பெட்டியோ குளிரூட்டிய அறையோ உள்ள மருந்துக்கடைகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் வைத்துவிட்டு, நியாயவிலைக் கடையை டோக்கன் தருவதற்கும் குடும்ப அட்டைக் கணக்குக்கும் மட்டும் பயன்படுத்துவதே சரியாக இருக்கும்.